15 அடித் தோணிக்குப் பாய் கட்டுறது: வாவிக்கு எந்தப் பாய் ஒத்துவரும்?

தோணிப்பிள்ளை

எல்லாருக்கும் வணக்கம். களுதாவளையில மட்டக்களப்பு வாவிப் பக்கம் எங்கட வீடு. மாமாட மரத்தோணி ஒண்டு கன வருசமா வேலியோரம் கவிழ்ந்து கிடந்தது. போன மாதம் ஓடாவி ஒருத்தரக் கூட்டி வந்து ரெண்டு பலகை மாத்தி, கசிவெல்லாம் அடைச்சாச்சு. இப்ப நல்லா மிதக்குது. நீளம் 15 அடி, நடு அகலம் 3 அடி 4 அங்குலம், அடி தட்டை. மாமா இதுல கம்பு ஊன்றித்தான் போவார். எனக்கு எஞ்சின் பூட்ட விருப்பமில்ல. பாய் கட்டி முதல்ல தெற்கால குருமன்வெளித் துறை மட்டும் போகோணும். கை பழகினா மறுகா வடக்கால கல்லடி மட்டும் போகோணும்.

கொழும்பில ஒருத்தர் லேசர் எண்டுற சின்னப் பந்தய ஓடத்திட பழைய பாய் ஒண்டு பாய்மரத்தோட விக்கப் போறாராம். 7 சதுர மீற்றர், மூணுமூலை, பார்க்க அவ்வளவு வடிவு. வாங்கிப்போடலாமா? இல்லாட்டி ஊர்லயே தைக்கலாமா? தறப்பாள்ல தைச்சாச் சரிவருமா? தெரிஞ்ச ஆக்கள் சொல்லித்தாங்க.

படுவான்கரையான்

தம்பி, லேசர் பாயை வாங்காதீங்க. அது கூடாத பாயெண்டு சொல்லல்ல. அது பிறந்த ஓடம் வேற, உங்கட தோணி வேற. லேசரிட அகலம் ஏறக்குறைய 4 அடி 7 அங்குலம். ஓட்டுற ஆள் உடம்ப வெளிய சாய்ச்சுத் தொங்கித்தான் அதை நிமித்தி வைக்கிற. உங்கட தோணி அதைவிட ஒண்டேகால் அடி ஒடுக்கம். அவ்வளவு உயரமான பாயில காத்துப் பிடிச்சா, நீங்க கயித்த விட முதலே தண்ணி உள்ளுக்கு வந்திரும்.

அதைவிடப் பெரிய கரைச்சல் ஒண்டு இரிக்கு. லேசர் பாயிட முன்விளிம்பு ஒரு உறை மாதிரி. மரத்துல சட்டை போட்ட மாதிரி மாட்டுற. நடு வாவியில காத்து ஏறினா அதை இறக்க ஏலாது. மரத்தோடயே புடுங்கோணும். நம்மட வாவியில பாயை இறக்கத் தெரியாம ஓட ஒண்ணாது. வலை கட்டின கம்புகள், இறால் கட்டுகள், பாலங்கள், ஓரத்துக் கண்டல் எல்லாத்துக்கும் ஒரே பதில்தான்: பாயை உடன இறக்கு.

பாயைத் தேட முதல் காத்தைப் பாருங்க. வாவி ஏறத்தாழ வடக்குத் தெற்கா 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கு. வைகாசிக்குப் பிறகு கச்சான் காத்து மேற்கால, படுவான்கரை வயல் பக்கமிருந்து வரும். பின்னேரம் கடல்காத்து கிழக்கால, எழுவான்கரைத் தென்னைக்கு மேலால வரும். அப்ப நீங்க வடக்கால போனா என்ன, தெற்கால வந்தா என்ன, காத்து உங்கட விலாவுலதான் அடிக்கும். விலாக் காத்துத்தான் எந்தப் பாய்க்கும் சுகமான காத்து. போறதும் வாறதும் ஒரே காத்துல முடியும். இப்படி ஒரு வாவி கிடைச்சது எங்கட பாக்கியம் எண்டு நான் மெய்யாவே நினைக்கிறன். காத்துக்கு எதிர கூராக் குத்தி ஓடுறதுதான் லேசர் பாயிட கெட்டித்தனம். அந்தக் கெட்டித்தனம் உங்களுக்குப் பெரிசாத் தேவையே இல்ல.

மாரியில வாடை வந்தாக் கதை வேற. கல்லடியிலிருந்து வீட்டுக்கு வாறது லேசு, வீட்டிலிருந்து போறதுதான் வேலை. அந்த நாளையில ஆறுகள்ளயும் தண்ணி பெருகும். முகத்துவாரம் வெட்டிவிட்டா பாலமீன்மடுப் பக்கம் நீரோட்டம் இழுக்கும். அந்த மாதங்கள்ள அங்கால தலைவச்சும் பார்க்காதீங்க.

என்ட சொல்: நாலுமூலை லக் பாய், அதாவது பருமல் எண்டுற சரிஞ்ச மேல்க் குறுக்குமரத்துல தொங்குற பாய். அதுலயும் பலன்ஸ் லக், அடிக்கம்போட பாயிட ஒரு பங்கு மரத்துக்கு முன்னாலயும் நிக்கிறது.

மண்டூர்க்காத்து

அண்ணன் சொன்ன காத்துக் கணக்கு சரி. ஆனா முதல்ப் பாய்க்கு நான் ஸ்பிரிட் பாயைத்தான் சொல்லுவன். சின்னப் பிள்ளைகள் பழகுற ஒப்டிமிஸ்ட் ஓடத்துல கட்டுறது அதுதான். அது 3.3 சதுர மீற்றர். நாலுமூலைப் பாய், முன்விளிம்பு மரத்தோட கட்டி இரிக்கும். ஒரு மூங்கில் கம்பு கீழயிருந்து குறுக்க ஏறி மேல்மூலையத் தள்ளிப் பிடிக்கும். அடிக்கம்பே இல்லாமலும் கட்டலாம். அடிக்கம்பு இல்லையெண்டா மண்டையில அடியும் இல்ல. வேண்டாமெண்டாக் கம்பைக் கழட்டிப் பாயை மரத்தோட சுத்தி, மரத்தையே தூக்கி தோணிக்குள்ள படுக்க வைக்கலாம். மரம் 9 அடி போதும். செலவும் குறைவு.

படுவான்கரையான்

அமைதியான காத்துல நீங்க சொல்றது சரி தம்பி. கச்சான் திடீரெண்டு ஏறக்க அந்தக் கம்பைக் கழட்டிப் பார்த்திரிக்கிங்களா? கம்பு பாயை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நிக்கும், பாய் படபடவெண்டு அடிக்கும், நீங்க தோணிட முன்பக்கம் எழும்பி நிண்டு ரெண்டு கையாலயும் மல்லுக்கட்டோணும். 3 அடி அகலத் தோணியில எழும்பி நிக்கிறதுதான் கவிழுறதுக்கு முதல் வழி. லக் பாயெண்டா பின்னால இருந்தபடியே ஒரு கயித்த விட்டாப் போதும். பருமல், பாய், எல்லாம் மடியில வந்து விழும். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் நான் இதுல விட்டுக்கொடுக்கமாட்டன்.

அறுகம்குடா

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் பொத்துவில். எங்கட வாப்பா கடல்தொழில். ரெண்டு பேரும் பாயப் பத்தியே கதைக்கிறீங்க, தோணியப் பத்தி ஆரும் கேக்கல்ல. தம்பி, அடி தட்டை எண்டு சொன்னீங்க. அடியில ஏரா எண்டுற நீட்டுக்கட்டை இல்லாத தோணி விலாக் காத்துல முன்னுக்குப் போகாது, பக்கவாட்டுல வழுக்கிப் போகும். நீங்க எந்தப் பட்டுப்பாயைக் கட்டினாலும் சரி, கச்சான்ல புறப்பட்டா எழுவான்கரைச் சேத்துலதான் போய் ஒதுங்குவீங்க.

இது நான் பட்டது. இளந்தாரியா இருக்கக்க பொத்துவில் களப்புல ஒரு சின்னத் தோணிக்குப் பாய் கட்டி இறக்கினன். பாய் நல்லாப் பிடிச்சுது. தோணி நண்டு மாதிரி குறுக்கால போய்க் கண்டலுக்குள்ள ஏறிட்டு. ரெண்டாம் தரமும் அப்படியே. மூணாம் நாள் வாப்பா வந்து பார்த்தாங்க. ஒண்டும் சொல்லல்ல. ஒரு பலகைய எடுத்து தோணிட விலாவுல தண்ணிக்குள்ள இறக்கிப் பிடிச்சுக்கொண்டு "இப்ப கயித்த இழு" எண்டாங்க. தோணி ரோட்டுல போற மாதிரி நேராப் போச்சு. அந்த நிமிசத்த நான் இன்னும் மறக்கல்ல.

பக்கப் பலகை போடுங்க. ஒரு அடி அகலம், தண்ணிக்குள்ள ரெண்டேகால் அடி. மேல ஒரே ஒரு போல்ட்ல தொங்கட்டும். தரை தட்டினாப் பின்னால மடங்கி எழும்பும். வாவியில கன இடம் ஆழம் குறைவு. இறுக்கிக் கட்டின பலகையெண்டா அதுவும் உடையும், தோணிட விலாவும் பிளக்கும்.

உங்களுக்குப் பயம் இருந்தா பக்கத்துல மிதக்கிற ஒரு கொல்லாக் கட்டையும் வைக்கலாம். நீர்கொழும்பு ஒருவள்ளங்கள் அவ்வளவு பெரிய பாயைத் தாங்குறது அந்தப் பக்கத்து மரத்தாலதான். ஆனா வாவியில வலைக்கம்புகளுக்குள்ள நுழையக்க அது ஒரு தொல்லை.

தோணிப்பிள்ளை

காக்கா, பலகை விசயம் எனக்குத் தலையிலயே இல்ல. பெரிய உதவி. அப்ப அந்தப் பலகைய எந்த இடத்துல தொங்கவிடுற? மரத்த எங்க நடுற?

பனிநாட்டான்

நான் ரொறன்ரோவில இருக்கிறன், பிறந்தது ஆரையம்பதி. இஞ்ச ஏரியில பாயோடம் ஓடுறன். தம்பிட கேள்விக்கு ஒரு லேசான வழி இரிக்கு.

பாயிட வடிவத்த ஒரு அடிக்கு ஒரு அங்குலம் எண்ட கணக்குல மட்டையில வெட்டுங்க. ஒரு மூலையில ஊசி குத்தித் தொங்கவிட்டு, ஊசியிலிருந்து நேர்கீழ ஒரு கோடு போடுங்க. இன்னொரு மூலையிலயும் அப்படியே. கோடு ரெண்டும் வெட்டுற இடம்தான் பாயிட நடு. காத்து பாயை முழுசாத் தள்ளுறது அந்தப் புள்ளியிலதான் எண்டு வச்சுக்கொள்ளலாம். அந்தப் புள்ளிக்கு நேர்கீழ, அதைவிட ஒரு அரை அடி பின்தள்ளிப் பக்கப் பலகை நிக்கோணும். உங்கட தோணியில மரம் முன்முனையிலிருந்து 4 அடியில நிண்டா பலகை ஏறத்தாழ 7 அடியில வரும்.

இது முடிவான கணக்கில்ல, ஓட்டிப்பார்க்கத்தான் சரியாத் தெரியும். தோணி தானாக் காத்துப் பக்கம் கிறுகப் பார்த்தா பலகையப் பின்னுக்குத் தள்ளுங்க. காத்தை விட்டு விலகி ஓடப் பார்த்தா முன்னுக்குத் தள்ளுங்க. கொஞ்சமாக் காத்துப் பக்கம் கிறுகுறதுதான் நல்லது. கை தவறிச் சுக்கானை விட்டாலும் தோணி காத்துக்கு முகம் காட்டி நிண்டிரும். அதனால போல்ட் ஓட்டையை ஒண்டோட விடாம மூண்டு போட்டு வையுங்க.

இன்னொரு விசயம். ஆங்கிலத்துல படிச்சுப் படிச்சு நாங்க எங்கட சொல்லையெல்லாம் தொலைச்சிட்டம். பாயை ஏத்துற கயிறு ஆஞ்சான். பாயிட பின்மூலையில கட்டிக் கையில பிடிக்கிறது தாமான். பாய் தொங்குற மேல்க் குறுக்குமரம் பருமல். வல்வெட்டித்துறையில கட்டின அன்னபூரணி அம்மாள் 1938 இல அமெரிக்காவில குளொஸ்டர் துறைமுகத்துக்கே பாய் விரிச்சுப் போய்ச் சேர்ந்தது. அப்படியான ஆக்கள்ர சொல்லுகள் எங்கட பிள்ளைகள்ர வாயில இரிக்கோணும் எண்டு எனக்குப் பெரிய ஆசை.

படுவான்கரையான்

அளவு தாறன், குறிச்சுக்கொள்ளுங்க. முன்விளிம்பு 4 அடி 3 அங்குலம். பருமலோட வாற தலைவிளிம்பு 8 அடி. பின்விளிம்பு பதினொண்டரை அடி. அடிவிளிம்பு 9 அடி. முன்கீழ்மூலையிலிருந்து மேல்உச்சிக்கு குறுக்க அளந்தா 12 அடி வரோணும். அந்தக் குறுக்களவு இல்லாட்டி நாலுமூலை எப்படியும் சரிஞ்சு போகும், கவனம். மொத்தம் 56 சதுர அடி, 5 சதுர மீற்றருக்குக் கொஞ்சம் கூட. ஆரும் 70 அடி கட்டுங்க எண்டா கேட்காதீங்க. காத்திட வேகம் ரெண்டு மடங்கானா அது பாயைத் தள்ளுற விசை நாலு மடங்காகும்.

அதால அடிவிளிம்புக்கு ரெண்டேகால் அடி மேல ஒரு வரிசை கண்ணோட்டை போட்டு, சின்னக் கயிறுகள் கோர்த்து வையுங்க. கச்சான் நாள்ல அந்த அளவுக்குப் பாயைச் சுருக்கி அடிக்கம்போட கட்டினா 37 சதுர அடிக்கு இறங்கும். கரையிலயே சுருக்கிக்கொண்டு போங்க. நடு வாவியில சுருக்குவம் எண்டு போறவன் சுருக்கமாட்டான்.

மரத்துக்கு நேரான சவுக்குக் கம்பு, 11 அடி, வாங்குப் பலகை மட்டத்துல ரெண்டேமுக்கால் அங்குலம் தடிப்பு. பாரம்தான், ஆனா உடையாது. பருமலுக்கும் அடிக்கம்புக்கும் முத்தின மூங்கில். மரத்துக்கு இழுகயிறு ஒண்டும் வேண்டாம். முன்வாங்குப் பலகையில ஒரு துளை, அடியில ஒரு குழிக்கட்டை. ரெண்டுக்கும் இடையில எவ்வளவு உயரம் இரிக்கோ அவ்வளவுக்குப் பலகைக்கு உளைச்சல் குறைவு. ஒரு அடிக்குக் குறைய விடாதீங்க.

ஊசிநூல்

எல்லாரும் கயிறும் கம்பும் கதைச்சு முடிச்சிட்டீங்க, துணியைப் பத்தி நான் சொல்றன். நான் மருதமுனை. வீட்டுல தறி, எனக்குத் தையல். ரெண்டு பாய் தைச்சிரிக்கன். எங்கட ஊர்த் துணியில பாய் தைக்கலாமா எண்டு என்னட்டக் கேட்டிரிக்காங்க. கைத்தறித் துணி உடுக்க நல்லம், பாய்க்கு உதவாது. இழை நெருக்கமில்ல, காத்து ஊடால போயிரும், மூலைவாட்டுல இழுத்தா ரப்பர் மாதிரி நீளும். பாய்த்துணியில நாங்க பார்க்கவேண்டியது அந்த மூலைவாட்டு இழுவையத்தான்.

டக்ரோன் எண்டுற பொலியெஸ்டர் பாய்த்துணிதான் மேல். 4 அவுன்ஸ் துணி, சதுர மீற்றருக்கு 170 கிராம் அளவு, உங்கட பாய்க்குத் தாராளம். நைலோன் துணி வாங்கிராதீங்க, இழுத்தா நீளும். பருத்திக் கித்தான் நல்ல வடிவா நிக்கும், ஆனா நனைஞ்சு மடிச்சு வச்சாப் பூஞ்சணம் பிடிச்சுப் பழுதாயிரும். அந்தக் காலத்துல வலைக்குப் பனிச்சங்காய்ச் சாயம் ஏத்தினதும் இந்தப் பழுதைத் தடுக்கத்தான்.

தறப்பாள் கேட்டீங்க தம்பி. முதல்ப் பாயைத் தறப்பாள்லயே தைங்க. நான் மனசாரச் சொல்றன். நம்மட வெயில்ல ரெண்டு சீசனுக்கு மேல நிக்காது, அது மெய். ஆனா அளவு பிழைச்சா வெட்டி எறிஞ்சிட்டு மறுபடி தைக்கலாம். டக்ரோனை முதல் தரமே பிழையா வெட்டினாக் கண்ணீர்தான் வரும்.

வெட்டுற விதம்: நாலு பக்கமும் நேர்கோட்டுல வெட்டாதீங்க. தலைவிளிம்பையும் அடிவிளிம்பையும் நடுவில ரெண்டங்குலம், முன்விளிம்பை ஒரு அங்குலம் வெளிய பிதுங்க வளைச்சு வெட்டுங்க. பருமல் நேரானது, அதுல வளைஞ்ச விளிம்பைக் கட்டினா மிச்சத் துணி உள்ளுக்குத் தள்ளுப்பட்டு பாய்க்கு ஒரு வயிறு வரும். அந்த வயிறு இல்லாத பாய் வெறும் மறைப்புத்தான். பின்விளிம்பை மட்டும் அரை அங்குலம் உள்வாங்கி வெட்டுங்க, இல்லாட்டிப் படபடக்கும். துணியிட நீட்டிழை பின்விளிம்புக்குச் சமாந்தரமா ஓடோணும்.

பொலியெஸ்டர் நூல், கோணல்மாணல் தையல், ரெண்டு ஓட்டம். நாலு மூலைக்கும் மூண்டு மடிப்பு ஒட்டுத்துணி, ஒவ்வொண்டும் மற்றதைவிடப் பெரிசா. வீட்டு மெஷின் தறப்பாளுக்குத் தாங்கும். மூலைக்கு மட்டும் கைத்தையல் போடுங்க.

தோணிப்பிள்ளை

அக்கா, உங்கட பதிவைப் பார்த்து அம்மா மெஷின் மேசையத் துடைச்சு வச்சிட்டா. தறப்பாள் 12 அடிக்கு 15 அடி வாங்கியாச்சு. முடிஞ்சாப் பிறகு வாறன்.

தோணிப்பிள்ளை

மூண்டு கிழமைக்குப் பிறகு எழுதுறன். பாய் முடிஞ்சுது. மரம் நிக்குது. முந்தநாள் காலமை கரையில ஏத்திப் பார்த்தம், தண்ணியிலயும் கொஞ்சம் ஓடினம். ஆனா ஒரு குறை. பாயிட முன்மேல்மூலையிலிருந்து பின்கீழ்மூலைக்குக் குறுக்க பெரிய மடிப்பு ஒண்டு விழுகுது. காத்துப் பிடிச்சாலும் போகுதில்ல. தோணியும் மந்தமாத்தான் போகுது. வெட்டினதுல பிழையா? அம்மா ரெண்டு நாளா யோசிச்சுக்கொண்டு இரிக்கா.

பனிநாட்டான்

அம்மாட தையல்ல ஒரு பிழையும் இல்ல எண்டு முதல்ல அவட்டச் சொல்லுங்க. உங்கட அடிக்கம்பைக் கீழ இழுத்துக் கட்டுற கயிறு தளர்ந்து போச்சு. பலன்ஸ் லக் பாய்க்கு உயிரே அந்தக் கீழ்க்கயிறுதான். அடிக்கம்பைக் கீழ இழுத்தா முன்விளிம்பு இறுகும். அது பருமலிட முன்பக்கத்தக் கீழ இழுக்கும். பருமல் ஆஞ்சான் கட்டின இடத்துல ஊஞ்சல்ப் பலகை மாதிரி ஆடுறதால, பின்னுச்சி மேல எழும்பும். உச்சி எழும்பினா அந்த மடிப்பு தானாப் போகும்.

ஆஞ்சானைப் பருமல்ல எங்க கட்டினீங்க? நடுவிலயெண்டா பிழை. முன்முனையிலிருந்து மூண்டில ஒரு பங்குல கட்டுங்க. கீழ்க்கயித்த வெறுங்கையால இழுத்துக் காணாது. சின்னக் கப்பி ரெண்டு போட்டு மூண்டு மடங்கு இழுவையா ஆக்குங்க. காத்தில்லாம நிக்கக்க, இப்ப இருக்கிற மடிப்புக்கு மற்றப் பக்கமா, முன்கீழ்மூலையிலிருந்து உச்சிக்கு லேசா ஒரு மடிப்பு விழுற மட்டும் இழுங்க. காத்துப் பிடிச்சா அது மறைஞ்சிரும்.

ஆஞ்சான் என்ன கயிறு?

தோணிப்பிள்ளை

நைலோன் அண்ணன், 8 மில்லிமீற்றர். மீன்பிடிச் சாமான் கடையில வாங்கினது. ஓம், நடுவிலதான் கட்டின.

பனிநாட்டான்

நைலோனை நங்கூரத்துக்கு வையுங்க, அது நீண்டு கொடுக்கிறது அங்க நல்லது. ஆஞ்சானுக்கும் கீழ்க்கயித்துக்கும் பொலியெஸ்டர் மாத்துங்க. இல்லாட்டிக் காலமை இறுக்கினது பத்து மணிக்குத் தொங்கும்.

மண்டூர்க்காத்து

தம்பி, நான் ஸ்பிரிட் பாய்க்காரன்தான், ஆனாலும் ஒண்டு சொல்றன். கச்சான் நாள்ல மத்தியானத்துக்குப் பிறகு கவனம். கச்சான் அப்படியே செத்துப்போகும். பத்து நிமிசம் வாவி கண்ணாடி மாதிரிக் கிடக்கும். மறுகா கிழக்கால கடல்காத்து வரும், பாய் மற்றப் பக்கமா அடிச்சுத் திரும்பும். அந்த அமைதியில தாமானை வாங்குல சுத்திக் கட்டிட்டுப் பீடி பத்தவைக்கிற நேரத்துலதான் எங்கட ஊர்ல ரெண்டு பேர் கவிழ்ந்த. தாமானை ஒருநாளும் கட்டவேண்டாம், கையிலயே பிடியுங்க. மிதவைச் சட்டையும் போடுங்க.

தோணிப்பிள்ளை

ஆஞ்சானை முன்னுக்கு மாத்தினன், பொலியெஸ்டர் கயிறு, ரெண்டு கப்பி. மடிப்பு போயிட்டு. முழுசாப் போயிட்டு. இண்டைக்குக் கடல்காத்துல பின்னேரம் மூண்டு மணிக்கு வெளிக்கிட்டு குருமன்வெளித் துறைக்குப் போய், ஆக்கள அக்கரைக்கு ஏத்துற பாதைப் படகுக்காரர் கைகாட்ட, அங்கேயே கிறுகி வந்தம். போகக்கயும் வரக்கயும் விலாக் காத்துத்தான், படுவான்கரை அண்ணன் சொன்ன மாதிரியே. எழுவான்கரை ஓரத்துல மட்டும் தென்னைக்கு மறைஞ்சு காத்து விட்டுவிட்டு வருது. ஒரு முந்நூறு அடி வெளியால விலகி ஓடினா சீராக் கிடைக்குது.

அம்மாவும் வந்தா. வாழ்க்கையில முதல்த்தரம் தோணியில எஞ்சின் சத்தம் இல்லாமப் போறா. பாயையே பார்த்துக்கொண்டு இருந்தா.

பலகை இப்ப நடு ஓட்டையில. தோணி காத்துப் பக்கம் கொஞ்சம் கூடக் கிறுகுது, சுக்கானைப் பிடிச்ச கை உளையுது. பின்னோட்டைக்கு மாத்தட்டா?

அறுகம்குடா

மாத்துங்க தம்பி. அதுக்கு முதல் அம்மாவ நடுவாங்குக்குப் பின்னால இருத்திப் பாருங்க. ஆள் முன்னுக்கு இருந்தா முகப்பு அமிழும், அப்பயும் தோணி அப்படித்தான் கிறுகும். அம்மா எங்க இருந்தா?

தோணிப்பிள்ளை

முன்வாங்குல, மரத்தப் பிடிச்சுக்கொண்டு. நாளைக்குப் பின்னால இருத்திப் பார்த்திட்டு ஓட்டையத் தொடுறன் காக்கா.